மறைத்து வைத்த ஆயுதமும் மறுமொழி சொல்லும் கடமையும்

ஊர்காவற்றுறைத் துறையில் நின்று நோக்குவோருக்குக் கடலின் நடுவே ஒரு கற்கோட்டை தெரியும். போர்த்துக்கேயர் கட்டி ஒல்லாந்தர் திருத்திய அக்கோட்டைக்கு ஹம்மன்ஹீல் என்று பெயர். பன்றித் தொடையின் குதி என்பது அதன் பொருள். இலங்கையை ஓர் இறைச்சித் துண்டமாகக் கண்டவர்கள் அதன் வடமுனைக்கு இட்ட பெயர் அது. 1971ஆம் ஆண்டு சித்திரை மாதத்தில் தெற்கிலே கிளர்ந்தெழுந்து தோற்றுப் பிடிபட்ட சிங்கள இளைஞர்கள் சிலர் இக்கோட்டையில் சிறை வைக்கப்பட்டனர். கிராமத்து விவசாயிகளின் பிள்ளைகளும், படித்தும் வேலையற்றிருந்தோரும் அக்கிளர்ச்சியில் மிகுதியாக இருந்தனர். ஓர் அரசாங்கத்தின் மீது அவர்கள் படையெடுத்தபோது பெரும்பாலோர் கையில் இருந்தவை வேட்டைத் துவக்குகளும், வீட்டிலே செய்த துவக்குகளும், வீட்டிலே செய்த குண்டுகளுமே.

தன் வீட்டின் பின்புறத்தில் ஒருவன் தன் கையாலேயே துவக்கு ஒன்றைச் செய்து, அதனை மடியிலே மறைத்துக்கொள்ளும் அளவுக்குக் குறுக்கிக்கொள்வது நியாயமாகுமா? சட்டம் இதற்கு ஒரு வரியில் விடை சொல்லிவிடுகிறது. ஆனால், சட்டத்துக்கு அஞ்சி ஒன்றைச் செய்யாதிருப்பது வேறு. அது தவறு என்று தெளிந்து செய்யாதிருப்பது வேறு. மாணவர்களுக்கு முன்னே நிற்கும் ஆசிரியர்கள் முதலாவது விடையோடு நின்றுவிட முடியாது. ஆகவே, இக்கேள்வியை இத்தீவுகளின் அனுபவத்தை வைத்துக்கொண்டு ஆராய்ந்து பார்ப்போம்.

முதலில் சட்டத்தின் நிலையை அறிவோம். இலங்கையில் நடைமுறையிலுள்ளது 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டமாகும். அனுமதிப் பத்திரமின்றித் துவக்கு வைத்திருப்பதும் செய்வதும் அதன்படி குற்றம். அப்பத்திரத்தையும் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். 1996ஆம் ஆண்டுத் திருத்தம் தண்டனைகளை ஆயுட்சிறை வரை கடுமையாக்கியது. இந்தியாவில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் இன்னும் நுணுக்கமாகச் செல்கிறது: அனுமதியின்றித் துவக்கின் குழலைக் குறுக்குவதே தனிக் குற்றமென அதன் 6ஆம் பிரிவு கூறுகிறது. துவக்கு வைத்திருப்பதைக் குடிமகனின் உரிமையாகக் கொண்டாடும் அமெரிக்காவிலும், 1934ஆம் ஆண்டுச் சட்டமொன்று குறிப்பிட்ட அங்குலத்துக்குக் குறைந்த குழலுடைய துவக்குகளைப் பதிவு செய்ய வேண்டுமென்று விதித்து, அவற்றின் மீது 200 டாலர் வரியும் சுமத்தியது. 1939இல் அந்நாட்டின் உச்ச நீதிமன்றம் அச்சட்டத்தை ஏற்றுக்கொண்டது. 2025இல் இயற்றப்பட்ட சட்டம் குறுங்குழல் துவக்குகளுக்கான வரியை நீக்கியதேயன்றிப் பதிவு விதியை நீக்கவில்லை.

ஒன்றுக்கொன்று மாறுபட்ட அரசுகள் ஓர் இரும்புக் குழலின் நீளத்தை அளப்பதில் மட்டும் இத்துணை அக்கறை கொள்வானேன்? விடை அக்கருவியின் இயல்பிலேயே இருக்கிறது. நீண்ட குழல் வீணுக்கு நீண்டதன்று. வெடிமருந்தின் ஆவி சன்னத்தை உந்திச் செல்லும் பாதை அது. கண் குறி பார்க்கும் கோடும் அதுவே. அதனைக் குறுக்கினால் வேகம் குறையும், குறி பிசகும், சன்னங்கள் சிதறும். பறவையை வீழ்த்தவோ பன்றியைத் துரத்தவோ அது உதவாது. குறுக்குவதால் கிடைக்கும் இலாபம் ஒன்றே ஒன்று: அதனை ஒளித்து வைக்கலாம். மனிதனை நெருங்கிச் செல்லவும், நெருங்கும்வரை அவன் அறியாதிருக்கவும் வேண்டிய ஒருவனுக்கே அந்த இலாபம் இலாபமாகும்.

தோட்டக் காவலுக்குப் போகும் விவசாயி தோளிலே சுமந்து செல்லும் துவக்கை ஊரே பார்க்கிறது. அது இன்னாருடையது என்று சிறுபிள்ளையும் அறியும். இரவிலே ஒரு வெடி கேட்டால் விடிந்ததும் அவனிடம் விளக்கம் கேட்க நாலுபேர் வருவார்கள். குறுக்கப்பட்ட துவக்குக்கு அத்தகைய ஊரும் இல்லை, கேள்வியும் இல்லை. தென்னிலங்கையில் கல்கட்டாஸ் என்றும் வட இந்தியாவில் கட்டா என்றும் பெயர் பெற்ற கள்ளத் துவக்குகளின் தன்மை இதுவே. செய்தவனுக்கும் அது துணையன்று. வெடியின் அழுத்தத்தைத் தாங்குவதற்கென்று வார்க்கப்படாத இரும்பு என்றோ ஒருநாள் பிளந்து, பிடித்தவன் கையையே கொண்டுபோகும். 1971 மார்ச்சில் நெலுந்தெனியவில் ஒரு வீட்டுக்குள் குண்டு செய்துகொண்டிருந்த இளைஞர்கள், பகைவனைக் காணுமுன்னரே அது வெடித்து மாண்டனர்.

இவ்வளவோடு நிறுத்திக்கொண்டால் நாம் காவல் நிலையத்தின் பிரசாரகர்களாகிவிடுவோம். எதிர்த்தரப்பின் வாதத்தை அதன் முழு வலிமையோடும் கேட்பது நேர்மையாகும்.

அவ்வாதம் இது: அனுமதிப் பத்திரம் யார் கையில் இருந்தது? 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் இந்தியரின் கையிலிருந்து ஆயுதத்தைப் பிடுங்கி, வெள்ளையருக்கு விலக்களித்தது. இலங்கையிலே 1915ஆம் ஆண்டுக் கலவரத்தை அடக்கப் படைச்சட்டம் பிரகடனமானபோது, தோட்டத்துரைமார் உட்பட ஐரோப்பியத் தொண்டர் படையினர் துவக்கோடு ஊர்களுக்குள் புகுந்தனர். விசாரணையின்றிச் சுடப்பட்டோர் பலர். அதற்கு அடுத்த ஆண்டிலேயே சுடுகலன் கட்டளைச் சட்டம் வந்தது. சுதந்திரத்தின் பின்னும் பயிரும் உடைமையும் காக்கவே பத்திரம் என்றால், உடைமை உள்ளவனுக்கே துவக்கு என்றாகிறது. உடைமையற்றவனுக்கு, சாதியின் பெயரால் கிணற்றிலும் கோயிலிலும் தேநீர்க்கடையிலும் தடுக்கப்பட்டவனுக்கு, கம்மாலையன்றி வேறு ஆயுதச்சாலை ஏது? அவன் வெளிப்படையாக ஆயுதம் ஏந்தினால் அன்றே அழிக்கப்படுவான். மறைவு அவனுடைய வஞ்சகமன்று, அவனுடைய பலவீனத்தின் விளைவு. அவனைப் பார்த்து ஒழுக்கம் பேசுவது வலியவனுக்கு வக்காலத்து வாங்குவதன்றோ?

இவ்வாதத்தின் முற்பகுதி முழுவதும் உண்மை. சட்டம் பிறந்த வேளையும் அது யாரைக் காத்தது என்பதும் மறைக்க முடியாதவை. பிற்பகுதியைத்தான் நாம் சரித்திரத்தின் முன் நிறுத்திப் பார்க்க வேண்டும்.

ஒடுக்கப்பட்டோர் ஆயுதம் ஏந்திய சரித்திரத்தில் 1871ஆம் ஆண்டுப் பாரிஸ் கம்யூனை மறவாதோர் நம்மிடையே பலர். மார்ச் 18ஆம் நாள் மொன்மார்த்ர் குன்றிலிருந்து பீரங்கிகளைக் கொண்டுபோக அரசாங்கப் படை வந்தபோதுதான் அந்த எழுச்சி மூண்டது. பாரிஸ் மக்கள் காசு சேர்த்துச் செய்வித்த பீரங்கிகள் அவற்றுள் இருந்தன. அவை குன்றின் உச்சியில், எல்லோரும் காண நின்றன. படையினரைச் சூழ்ந்துகொண்ட பெண்கள் பேசினார்கள். படையினர் சுட மறுத்தார்கள். அந்தப் பீரங்கி இன்னாருடையது என்று எவரும் சொல்ல முடியாது, அது ஊருடையது. அதனை எவன் எவர்மீது திருப்பினாலும் அவனைக் கேள்வி கேட்க ஒரு நகரமே இருந்தது. கம்யூன் தோற்றது; அதனுள்ளும் தவறுகள் நடந்தன. எனினும் மக்களின் ஆயுதம் என்ற சொல்லுக்கு ஒரு பொருள் உண்டென்பதை அது காட்டியது. மக்கள் அறிய இருப்பதும், மக்களுக்கு மறுமொழி சொல்வதுமே மக்களின் ஆயுதம். மக்களின் பெயரால் மறைத்து வைக்கப்பட்டது அத்தகையதன்று.

நம்மூர்ச் சான்றும் உண்டு. 1966ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்குத் தீண்டாமைக்கு எதிரான ஊர்வலம் புறப்பட்டது, பொலிசார் தாக்கினர். அதன்பின் வந்த ஆண்டுகளில் தேநீர்க்கடைகளின் முன்னும் ஆலய வாசல்களிலும் போராட்டங்கள் நடந்தன. உயிர்கள் பலியாயின. தங்கள் குடியிருப்பைத் தாக்க வந்தோருக்கு எதிராக ஆயுதம் எடுத்துக் காவல் நின்றோரும் உண்டு. அவர்களை நாம் பழிக்கமாட்டோம். எரியும் கூரையின் கீழ் நிற்பவனுக்குப் பொறுமையை உபதேசிக்க நமக்கு அருகதை இல்லை. ஆனால், அவர்கள் ஊரறியக் காவல் நின்றனர். அடைத்த கதவுகளைத் திறந்ததோ, அடிவாங்கியும் கலையாமல் பகல் வெளிச்சத்திலே நடந்த அந்த மக்கள் திரளே.

1971இன் இளைஞர்கள் இதிலேதான் தவறினர். அவர்களுடைய வறுமை பொய்யன்று, கோபம் பொய்யன்று, வீரமும் பொய்யன்று. ஆனால், துவக்கையும் குண்டையும் ஒளித்துச் சேர்க்க வேண்டியிருந்ததனால் தங்கள் நோக்கத்தையும் ஒளிக்க வேண்டியதாயிற்று. யாருக்காக எழுந்தார்களோ அந்தத் தொழிலாளியும் விவசாயியும் எழுச்சி மூண்ட பின்னரே செய்தியை அறிந்தனர். மக்கள் அறியாத புரட்சியை மக்கள் காத்துக்கொள்ள முடியவில்லை. அரசாங்கத்தின் கணக்கின்படியே கொல்லப்பட்டோர் ஆயிரத்துக்கு மேற்பட்டோர். பிறர் பல ஆயிரம் என்றனர். அவர்களிடம் இல்லாமற் போனது நல்ல துவக்கு அன்று, மக்கள்தாம்.

வடக்கிலே நடந்ததைச் சொல்வது நமக்கு இன்னும் கடினம். அங்கே மாண்டோரும் மாய்த்தோரும் நம்மவர்கள். 1975ஆம் ஆண்டு ஜூலை 27ஆம் நாள், காரைநகர்க்குச் செல்லும் பாலத்தின் அருகேயுள்ள பொன்னாலை வரதராசப் பெருமாள் கோயில் வாசலில், யாழ்ப்பாண மேயர் அல்பிரட் துரையப்பா சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய அரசியலை நாம் ஏற்க வேண்டியதில்லை. அன்று பலர் அச்செயலை மனத்துக்குள் மெச்சினர் என்பதையும் ஒளிக்க வேண்டியதில்லை. ஆனால், அந்த நாளில் ஒரு வழக்கம் பிறந்தது. குற்றஞ்சாட்டியவனே நீதிபதி, நீதிபதியே தண்டனையை நிறைவேற்றுபவன், சாட்சிக்கு அங்கே இடமில்லை. மேன்முறையீடு செய்ய இறந்தவனால் முடியாது.

இந்த வழக்கம் எதிரியோடு நின்றுவிடும் என்று எண்ணியோர் ஏமாந்தனர். அதன் காரணம் தனிமனிதரின் கொடுமை மட்டுமன்று. மறைத்து வைத்த ஆயுதத்துக்கு முதற் பகைவன் தொலைவிலிருக்கும் அதிகாரி அல்லன். அது மறைந்திருக்கும் இடத்தை அறிந்த அயலவனே. அவனைச் சந்தேகிக்க வேண்டும். அவன் வாயை அடைக்க வேண்டும். துரோகி என்ற சொல் அங்கேதான் பிறக்கிறது. 1986ஆம் ஆண்டில் ஓர் இயக்கத்தின் பிள்ளைகளை இன்னோர் இயக்கத்தின் பிள்ளைகள் வீதிகளிலே கொன்றபோது ஊர் கதவைச் சாத்திக்கொண்டது. 1989ஆம் ஆண்டு செப்டெம்பர் 21ஆம் நாள் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீட ஆசிரியை ரஜனி திராணகம, எல்லாத் தரப்பாரின் ஆயுதத்தையும் கேள்வி கேட்ட குற்றத்துக்காக, சைக்கிளில் வீடு திரும்பும் வழியில் சுடப்பட்டார். 2001ஆம் ஆண்டு நவம்பர் 28ஆம் நாள், தேர்தல் பிரசாரத்துக்காகத் தீவகத்துக்கு வந்த தமிழ் வேட்பாளர்களின் வாகனங்கள் ஊர்காவற்றுறைப் பகுதியிலே நாரந்தனையில் தாக்கப்பட்டு இருவர் மாண்டனர், தாக்கியோரும் தமிழரே. 2016இல்தான் யாழ்ப்பாண மேல் நீதிமன்றம் அவ்வழக்கில் தீர்ப்பளித்தது. அதற்குள் 15 ஆண்டுகள் கடந்துவிட்டன.

அப்படியானால், ஆயுதமெல்லாம் அரசாங்கத்தின் கையில் இருந்துவிட்டால் நீதி நிலைத்துவிடுமா? தீவகத்தில் இதற்கு ஆம் என்று சொல்லக்கூடிய ஒருவரை நாம் காணமாட்டோம். 1985ஆம் ஆண்டு மே 15ஆம் நாள் நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகைக் கடலில் மறித்து, ஏறிவந்தோர் பயணிகளைக் கத்தியாலும் கோடரியாலும் வெட்டிக் கொன்றனர். வந்தவர்கள் கடற்படையினர் என்று உயிர் தப்பியோர் சாட்சி சொன்னார்கள். மாண்டோருள் பெண்களும் கைக்குழந்தையும் இருந்தனர். இறந்தோர் இருபதுக்குக் குறையாதோர் என்று வெளியுலகம் எழுதியது; முப்பதுக்கு மேற்பட்டோர் என்பது நெடுந்தீவு மக்களின் கணக்கு. 2006ஆம் ஆண்டு மே 13ஆம் நாள் அல்லைப்பிட்டியிலும் அயலிலும் வீடுகளுக்குள் புகுந்தோர் 13 பேரைச் சுட்டுக் கொன்றனர். அங்கும் விரல் கடற்படையையே சுட்டியது. இவ்விரண்டில் ஒன்றுக்கேனும் இன்றுவரை எவரும் தண்டிக்கப்படவில்லை.

கடற்படையின் துவக்குகளுக்குப் பதிவேடு உண்டு, இலக்கம் உண்டு, தோட்டாக்களுக்குக் கணக்கு உண்டு. ஒன்றுகூடக் கள்ளத் துவக்கு அன்று. குழல் குறுக்கப்பட்டதும் அன்று. குமுதினியிலோ அவை தேவைப்படவே இல்லை. ஆகவே தீமை குழலின் நீளத்தில் இல்லை, பதிவேட்டின் பக்கத்திலும் இல்லை என்ற முடிவுக்கு நாம் வந்தாக வேண்டும். பயன்படுத்தியவனைக் கேள்வி கேட்க எவரும் இல்லாத நிலையே தீமையின் வேர். வீட்டிலே துவக்கு செய்பவன் அந்த நிலையை வாளினால் அறுத்து உண்டாக்குகிறான். அரசாங்கமோ அதனைச் சட்டத்தினால் உண்டாக்குகிறது. 1979இல் பயங்கரவாதத் தடைச் சட்டம் வந்தது. காவலிலே பெற்ற ஒப்புதல் வாக்குமூலம் சாட்சியமாயிற்று. 1983 ஜூனில் அவசரகால விதி 15அ வந்தது. படையினர் கையால் இறந்தோரின் உடல்களை மரண விசாரணையின்றியே புதைக்கவோ எரிக்கவோ அது வழிசெய்தது. சட்டத்துக்கும் ஒரு நீளம் உண்டு: சாட்சி, விசாரணை, பகிரங்க நீதிமன்றம், மேன்முறையீடு என்பனவே அது. அந்த நீளத்தை வெட்டிவிட்டால் எஞ்சுவது மடியிலே மறைக்கத்தக்க சட்டம். குறுங்குழல் துவக்கைத் தடைசெய்த அதே அரசு குறுங்குழல் சட்டத்தைக் கையில் எடுத்தது.

1983இன் விதிக்கு 68 ஆண்டுகள் முன்னரே அத்தகைய அதிகாரத்துக்கு எதிராக ஒரு யாழ்ப்பாணத்தவர் பேசியிருக்கிறார். 1915இன் படைச்சட்டக் கொடுமைகளைப் பொன்னம்பலம் இராமநாதன் சட்டசபையிலே எடுத்துரைத்தார். லண்டனுக்குச் சென்று முறையிட்டார். 1916இல் அதுபற்றி நூலும் வெளியிட்டார். சர்வஜன வாக்குரிமையை எதிர்த்த அவருடைய பிற்போக்கை நாம் மன்னிக்கப் போவதில்லை. எனினும் கொல்லப்பட்டது யார் என்று பாராமல், கொன்றவனைச் சபையிலே பேர் சொல்லிக் கேட்ட அந்த முறையை நாம் கைவிடவும் போவதில்லை.

ஒரு கேள்வி எஞ்சுகிறது. அதனைத் தட்டிக் கழிக்கலாகாது. 2022ஆம் ஆண்டு ஜூலை 8ஆம் நாள், உலகிலேயே கடுமையான துவக்குச் சட்டம் உள்ள நாடுகளுள் ஒன்றான ஜப்பானில், நாரா நகரத்தில், முன்னாள் பிரதமர் ஷின்சோ அபே வீட்டிலே செய்யப்பட்ட துவக்கினால் கொல்லப்பட்டார். தன் தாய் ஒரு மத அமைப்புக்குக் கொடுத்த பெருங்கொடையால் குடும்பம் அழிந்தது என்பது கொன்றவனின் மனக்குறை. அவ்வாண்டு டிசம்பரிலேயே அத்தகைய கொடைகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் அங்கே நிறைவேறியது. மனுக்கள் செய்யாததைத் துவக்கு செய்துவிட்டதே என்பார் உளர். ஓரளவுக்கு அது உண்மை. அந்த உண்மை நமக்குக் கசக்கிறது. ஆனால், நாடு விழித்தபோது அதன் கையில் கொடுக்கச் சான்றும் வாதமும் எங்கிருந்து வந்தன? பாதிக்கப்பட்ட குடும்பங்களோடு 1987 முதல் உழைத்துவந்த வழக்கறிஞர்களிடமிருந்து வந்தன. அவர்களுடைய குரலை 35 ஆண்டுகள் கேளாதிருந்த சமுதாயம் அந்தக் குற்றத்தில் பங்காளி. இதிலிருந்து நாம் பெறும் பாடம் துவக்கைப் புகழ்வதன்று. கேட்க வேண்டிய குரலைக் கேளாத ஒவ்வொரு நாளும் எங்கோ ஒரு வீட்டின் பின்புறத்தில் ஓர் இரும்பு அறுபட்டுக்கொண்டிருக்கும் என்பதே. நியாயமான குறையுள்ளவன் கற்ற வித்தையை நியாயமற்ற குறையுள்ளவனும் கற்பான் என்பதையும் அதனோடு சேர்த்து எண்ண வேண்டும்.

ஆகவே நம் மாணவனிடம் நாம் சொல்வது இது: துவக்கு செய்யாதே, பிடிபடுவாய் என்று சொல்லமாட்டோம், அது அவனுடைய மானத்தைக் குறைத்து மதிப்பதாகும். யாருக்காகச் செய்கிறாயோ அவர்களிடம் காட்ட முடியாத கருவியைச் செய்யாதே என்போம். அதே மூச்சில் அரசாங்கத்திடமும் சொல்ல வேண்டும்: குமுதினிக்கும் அல்லைப்பிட்டிக்கும் மறுமொழி சொல்லாத வரையில், இளைஞனுக்கு ஒழுக்கம் கற்பிக்கும் தகுதி உனக்கு இல்லை. இவ்விரண்டில் ஒன்றை மட்டும் சொல்பவன் பாதி உண்மையைச் சொல்பவன்.

நயினாதீவைப் பற்றி ஒரு பழங்கதை உண்டு. மணி இழைத்த ஆசனம் ஒன்றுக்காக நாக அரசர் இருவர், மாமனும் மருமகனும், படை திரட்டி எதிர் நின்றனர் என்றும், புத்தர் அவர்களிடையே தோன்றிப் போரை நிறுத்தினார் என்றும் மகாவம்சம் சொல்கிறது. மணிபல்லவத்தில் வைத்து மணிமேகலைக் காப்பியமும் அதனைச் சொல்கிறது. மணிபல்லவம் நயினாதீவே என்பார் பலர். அமுதசுரபியை மணிமேகலை பெற்றதும் அத்தீவிலேதான். அவள் அதனை ஏந்திச் சென்று சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றுவித்தாள். நம் காலத்திலோ ஊர்காவற்றுறைச் சிறைக்கோட்டம் கடற்படை நடத்தும் உல்லாச விடுதியாயிற்று. அங்கே தங்குவோருக்குக் கடலின் அழகு தெரியும். அடைபட்டுக் கிடந்த இளைஞர்களின் கதை தெரியாது.

ஆனால், நெடுந்தீவின் மாவலித் துறையில் ஒவ்வோர் ஆண்டும் மே 15ஆம் நாள் மக்கள் கூடுகின்றனர். குமுதினியில் மாண்டோரின் நினைவிடத்தில் விளக்கேற்றுகின்றனர். அவர்கள் மடியில் ஒன்றையும் மறைத்துக் கொண்டுவருவதில்லை. பகலிலே, கடற்படையும் காண, தங்கள் கேள்வியோடு நிற்கின்றனர். நாற்பது ஆண்டுகளாகியும் மறுமொழி கிடைக்கவில்லை என்பது அக்கேள்வியின் தோல்வியன்று. கேட்போரின் தொகை போதவில்லை என்பதே அதன் பொருள். அந்தத் தொகையைப் பெருக்குவது நம்முடைய வேலை.